467 கிணறுகளும் ஒரு துளி நீரும்

தமிழில் நீரைப் பற்றி எழுதப்பட்டவற்றையெல்லாம் தொகுத்தால் அது ஒரு பெரிய நூலகமாகும். சங்கப் பாடல்களின் சுனையும் கயமும் தொடங்கி, சிற்றிதழ்க் கவிதைகளில் மீண்டும் மீண்டும் வரும் வறண்ட ஆறு வரை, நீர் நம் எழுத்தின் நிரந்தரப் பொருளாக இருந்து வந்திருக்கிறது. ஆனால் அண்மைக் காலத்தில் அந்த எழுத்து பெரும்பாலும் இரங்கலாகச் சுருங்கிவிட்டது என்று எங்களுக்குத் தோன்றுகிறது. ஆறு செத்தது, கிணறு தூர்ந்தது, ஊர் பெயர்ந்தது. இரங்கல் தவறல்ல, அதோடு நின்றுவிடுவதுதான் குறை. நீர் எப்படி நகர்கிறது, எதை ஏந்தி வருகிறது, அதை அளப்பவர் யார், அளந்தவரின் சொல் எங்கே செல்லுபடியாகிறது ஆகிய கேள்விகளை நம் இலக்கியச் சூழல் பொறியாளருக்கும் அதிகாரிக்கும் விட்டுக்கொடுத்துவிட்டது.

மிகச் சிறிய தொழில்நுட்பம் ஒன்றை முன்வைத்து இந்த விட்டுக்கொடுத்தலைப் பற்றிப் பேசலாம் என்று நினைக்கிறோம். தலைமயிர் பருமனே உள்ள நுண்கால்வாய்களில், மின்சாரமோ பம்போ இல்லாமல், ஹைட்ரோஜெல் என்னும் பொருளைக் கொண்டு நீரை இழுத்துச் செல்லும் முறை அது. களம் திண்டுக்கல் சமவெளி. ஏன் திண்டுக்கல் என்பதற்கான விடை தலைப்பிலுள்ள எண்ணில் இருக்கிறது. அதற்குச் சற்றுப் பிறகு வருவோம்.

முதலில் கால்வாய். கண்ணாடியிலோ நெகிழியிலோ காகிதத்திலோ 0.1 மில்லிமீட்டர் அகலமும் அதே அளவு ஆழமும் கொண்ட ஒரு வாய்க்காலை 5 சென்டிமீட்டர் நீளத்துக்கு வெட்டினால், அது கொள்ளும் நீர் ஒரு சாதாரணத் துளியில் ஏறக்குறைய நூறில் ஒரு பங்குதான். ஆய்வுக்கூடத்தில் குடுவைகளும் மேசைகளும் எடுத்துக்கொள்ளும் ஒரு வேதிச் சோதனையை இத்தகைய வாய்க்கால்கள் ஓடும் தபால்தலை அளவுச் சில்லுக்குள் அடக்கிவிடலாம் என்பதே நுண்பாய்மவியல் என்ற துறையின் கனவு. இடையூறு எங்கே வருகிறதென்றால், நீரை அதற்குள் ஓடவைப்பதில். குழாயின் குறுக்களவு பாதியானால், அதே வேகத்தில் அதே அளவு நீரைச் செலுத்த 16 மடங்கு அழுத்தம் வேண்டும். ஆகவே தபால்தலை அளவுச் சில்லுக்குப் பக்கத்தில் அதைவிடப் பன்மடங்கு பெரிய, பன்மடங்கு விலையுள்ள சிரிஞ்சு பம்பு ஒன்று உட்கார்ந்திருக்கும். சில்லைச் சட்டைப்பையில் போட்டுக்கொள்ளலாம். பம்பைப் போட முடியாது. வயல்வரப்பில் நிற்பவருக்கு அந்தச் சில்லால் பயனில்லை.

ஹைட்ரோஜெல் நுழைவது இந்த இடத்தில்தான். பெயர் புதிதே தவிரப் பொருள் நமக்குப் புதிதல்ல. மதுரை ஜிகர்தண்டாவில் வழுக்கிக்கொண்டு தொண்டைக்குள் இறங்கும் கடற்பாசிக் கட்டி ஒரு ஹைட்ரோஜெல். மன்னார் வளைகுடாவில் பெண்கள் மூழ்கிப் பறிக்கும் மரிக்கொழுந்துப் பாசியிலிருந்து எடுக்கப்படும் அகர்தான் அது. அதன் எடையில் பெரும்பங்கு நீர். ஆனாலும் அது ஒழுகுவதில்லை. மிக நீண்ட மூலக்கூறுகள் வலையாகப் பின்னி, அந்த வலைக் கண்களில் நீரைப் பிடித்து வைத்திருக்கின்றன. நுங்கை நினைத்துக்கொண்டாலும் தவறில்லை. நீராகவும் இருக்கிறது, வடிவமும் இருக்கிறது. இதை நீர்க்களி என்று அழைக்கலாம் என்பது எங்கள் யோசனை. கூழ் என்றால் ஊற்றிவிடலாம், களி என்றால் உருட்டலாம். இது உருட்டக்கூடிய நீர்.

குழந்தைகளின் டயப்பரில் இருக்கும் சோடியம் பாலிஅக்ரிலேட் இந்த வகையில் மிகப் பேராசை கொண்டது. காய்ந்த நிலையில் அதன் ஒரு சிட்டிகை, தன் எடையைப் போலப் பல நூறு மடங்கு தூய நீரை உறிஞ்சி வீங்கும். நுண்கால்வாயின் கடைசியில் இத்தகைய நீர்க்களித் துண்டு ஒன்றை வைத்துவிட்டால், அது வீங்க வீங்க, தலைப்பிலிருந்து நீர் இழுபட்டு வந்துகொண்டே இருக்கும். வெறும் நுண்குழாய் ஈர்ப்பால் நீர் தானாக உள்ளே ஏறாதா என்று கேட்கலாம். ஏறும். ஆனால் வாய்க்கால் நிறைந்ததும் நின்றுவிடும். நீர்க்களி அதை நிற்கவிடாது. களியின் அளவையும் வாய்க்காலின் அகலத்தையும் மாற்றி, ஓட்டத்தின் வேகத்தை முன்கூட்டியே தீர்மானிக்கலாம். 2000-ல் அமெரிக்காவில் டேவிட் பீபியும் அவரது சகாக்களும், அமிலமும் காரமும் மாறும்போது வீங்கியும் சுருங்கியும் ஓட்டத்தை அடைத்துத் திறக்கும் நீர்க்களித் தூண்களை நுண்கால்வாய்க்குள்ளேயே வார்த்துக் காட்டினார்கள். மடையைத் திறக்கவும் அடைக்கவும் ஆள் வேண்டாம். வரும் நீரே மடையைத் திறந்துகொள்ளும்.

வீங்கி முடிந்த பிறகும் ஓட்டம் தொடர வேண்டுமானால் இன்னொரு வழி இருக்கிறது. களியின் ஒரு முகத்தைக் காற்றுக்குத் திறந்துவிட வேண்டும். அங்கிருந்து நீர் ஆவியாக, ஆவியாக, பின்னாலிருந்து நீர் வந்து நிரப்பும். இதைக் கண்டுபிடித்தது மனிதனல்ல. வத்தலக்குண்டு சாலையில் நிற்கும் எந்தப் புளியமரமும் பகல் முழுக்கச் செய்வது இதைத்தான்.

மரம் நீரை எப்படி ஏற்றுகிறது என்ற கேள்வி அறிவியலில் நெடுநாள் சண்டைக்குரியதாக இருந்தது. 1894-ல் டப்ளினில் டிக்ஸனும் ஜாலியும் இலையிலிருந்து ஆவியாகும் நீர், அறுபடாத ஒரு நீர்க்கயிற்றை வேரிலிருந்து மேலே இழுக்கிறது என்றார்கள். நம்முடைய ஜகதீஷ் சந்திர போஸ் அதை ஏற்கவில்லை. 1923-ல் வெளிவந்த தம் நூலில், தண்டின் உயிருள்ள செல்கள் இதயத்தைப் போலத் துடித்து நீரை ஏற்றுகின்றன என்று வாதிட்டார். கவித்துவமான கருத்து, மனம் அதன் பக்கம் சாய்வது இயல்பு. ஆனால் அதற்கு முன்பே ஜெர்மனியில் ஸ்ட்ராஸ்பர்கர், நஞ்சூட்டிக் கொல்லப்பட்ட தண்டுகளிலும் நீர் ஏறுவதைக் காட்டியிருந்தார். 2008-ல் கார்னெல் பல்கலைக்கழகத்தின் வீலரும் ஸ்ட்ரூக்கும் ஒரு செயற்கை மரத்தையே செய்துவிட்டார்கள். மரம் என்பது கைக்குள் அடங்கும் ஒரு நீர்க்களித் தகடு. அதற்குள் வேர் என ஒரு வாய்க்கால் வலை, இலை என இன்னொரு வலை, இரண்டையும் இணைக்கும் ஒரு வாய்க்கால். களி, செக் நாட்டு விக்தெர்லேயும் லிம்மும் 1960-ல் அறிவித்த அதே மென்வில்லைப் பொருள்தான். உறிஞ்சும் பம்பு எதனாலும் சுமார் 10 மீட்டருக்கு மேல் நீரை இழுக்க முடியாது. கிணற்றுக்குள் மோட்டாரை இறக்கி வைப்பது அதனால்தான். உயிரில்லாத இந்தத் தகடோ, வளிமண்டல அழுத்தத்தைப் போல 10 மடங்கு இழுவிசையில் நீரை அறுபடாமல் நடத்திச் சென்றது. போஸின் துடிப்பு அதற்குத் தேவைப்படவில்லை. உலர்ந்த காற்றும் நல்ல களியும் போதுமானவையாக இருந்தன.

உலர்ந்த காற்று திண்டுக்கல்லில் தாராளமாகக் கிடைக்கிறது. சிறுமலைக்கும் பழனி மலைத்தொடருக்கும் இடையில், மழைமறைவில் கிடக்கும் சமவெளி இது. நிலத்துக்கு அடியில் கடினப் பாறை. அதன் மேலடுக்குச் சிதைவிலும், கீழே ஓடும் வெடிப்புகளிலும்தான் நிலத்தடி நீர் தங்குகிறது. இந்தப் பாறை வெடிப்புகளும் ஒரு வகையில் நுண்கால்வாய்களே. வெடிப்பு போகும் வழியில்தான் நீர் போகும், நீர் போகும் வழியில்தான் அதில் கரைந்ததும் போகும். ஆகவே ஒரே ஊரில் ஒரு கிணறு கெட்டு, கூப்பிடு தூரத்திலுள்ள அடுத்த கிணறு நன்றாக இருக்கக்கூடும். ஊருக்கு ஒரு மாதிரி எடுத்துச் சோதித்துவிட்டு ஊரின் நீரைப் பற்றிப் பேசுவது, ஒரு வீட்டில் கேட்டுவிட்டுத் தெருவின் கதையை எழுதுவது போன்றது.

இப்போது அந்த எண்ணுக்கு வரலாம். திண்டுக்கல் தோல் பதனிடும் ஊர். கமலை இறைத்த காலத்தில் சாலின் அடியில் தைத்த தோல்வால் வழியாகத்தான் கிணற்று நீர் வாய்க்காலுக்குள் விழுந்தது. நீரை ஏற்றிய அதே பொருள் பின்னர் நீரைக் கெடுக்கும் தொழிலானது. தோலைக் கெடாமல் வைக்க உப்பு, முடி நீக்கச் சுண்ணாம்பு, பதனிடக் குரோமியம் சல்ஃபேட். கழிவுநீர் கொடகனாற்று வடிநிலத்தின் மண்ணுக்குள் இறங்கியது. தமிழகத் தோல் தொழிற்சாலைகளின் மாசு குறித்து வேலூர் குடிமக்கள் நல மன்றம் தொடுத்த வழக்கில் உச்ச நீதிமன்றம் 1996 ஆகஸ்ட் 28 அன்று தீர்ப்பளித்தது. மாசுபடுத்தியவரே ஈடு செய்ய வேண்டும், கேடு நிகழும் முன்பே காக்க வேண்டும் என்ற இரு கொள்கைகளும் இந்நாட்டுச் சட்டத்தின் பகுதி என்று உறுதிசெய்த தீர்ப்பு அது. சட்டக் கல்லூரிகளில் அதை இந்தக் கொள்கைகளுக்காகப் படிக்கிறார்கள். நாங்கள் அதில் நின்று வாசித்தது வேறொரு வரியை. பீஸ் மெம்பர்ஸ் என்ற தன்னார்வ அமைப்பு திண்டுக்கல், ரெட்டியார்சத்திரம் ஒன்றியங்களின் 13 கிராமங்களில் செய்த கணக்கெடுப்பில், குடிக்கவும் பாசனத்துக்கும் பயன்பட்ட 467 கிணறுகளில் 350 கெட்டுப்போயிருந்தன என்பதே அந்த வரி. நான்கில் மூன்று கிணறுகள்.

இந்த எண்ணை அரசு தரவில்லை, தொழிற்சாலைகளும் தரவில்லை. கிணறு கிணறாகப் போய் எண்ணியவர்கள் தந்தார்கள். நாட்டின் உச்ச நீதிமன்றம் தன் தீர்ப்பில் அதை எழுதிக்கொண்டது. எண்ணிக்கை என்பது எவ்வளவு பெரிய சொல் என்பதற்குத் தமிழ்நாட்டில் இதைவிட நல்ல சான்று எங்களுக்குத் தெரியவில்லை.

ஆனால் அப்படி எண்ணுவது இன்றும் எளிதல்ல. உப்பை நாக்கு சொல்லிவிடும். சில நூறு ரூபாய்க் கருவியும் சொல்லிவிடும். குரோமியத்தை நாக்கு சொல்லாது. இந்தியத் தர நிர்ணயத்தின்படி குடிநீரில் அது லிட்டருக்கு 0.05 மில்லிகிராமுக்கு மேல் இருக்கக் கூடாது. அந்த அளவில் அதற்கு நிறமும் இல்லை, சுவையும் இல்லை. அறிய வேண்டுமானால் பாட்டிலில் நீர் பிடித்து, ஆய்வுக்கூடத்தைத் தேடிப் போய், கட்டணம் செலுத்தி, காத்திருக்க வேண்டும். ஒரு கிணற்றுக்கு ஒரு முறை செய்யலாம். 467 கிணறுகளுக்கு, மழைக்கு முன்பும் பின்பும், ஆண்டுதோறும் யார் செய்வார்கள்?

இந்த இடத்தில்தான் பம்பில்லாத சில்லு பொருள்படுகிறது. டைஃபீனைல்கார்பசைடு என்ற வேதிப்பொருள், அமிலக் கரைசலில் ஆறிணைதிறக் குரோமியத்தைக் கண்டால் ஊதா நிறம் கொள்ளும். தோல் கழிவில் பெரும்பாலும் இருப்பதோ மூவிணைதிறக் குரோமியம். எனவே முதலில் அதை ஆக்சிஜனேற்றம் செய்ய வேண்டும், பிறகு அமிலம், பிறகு நிறம் தரும் பொருள். ஒன்றன்பின் ஒன்றாக, ஒவ்வொன்றுக்கும் உரிய நேரம் கொடுத்து நடக்க வேண்டிய வேலை இது. ஒரு தாளை நீரில் நனைத்துவிட்டால் முடிந்துவிடாது. நீர் சீராக, நிற்காமல், அறிந்த வேகத்தில் ஒவ்வொரு அறையாகக் கடந்து போக வேண்டும். கடைசி அறையில் இருக்கும் நீர்க்களி அந்த வேகத்தைத் தரும். சின்னாளப்பட்டிச் சுங்குடியைப் பார்த்தவர்களுக்கு இதன் அமைப்பு அந்நியமாக இருக்காது. துணியில் சாயம் பரவும் இயல்பையும், முடிச்சிட்ட இடத்தில் அது நின்றுவிடும் இயல்பையும் சேர்த்துத்தானே அங்கே புள்ளி பிறக்கிறது? ஹார்வர்டில் ஜார்ஜ் ஒயிட்சைட்ஸின் குழு 2007-ல் காகிதத்தில் நுண்கால்வாய் வரைந்தபோதும், பின்னர் மற்றவர்கள் அதையே மெழுகால் வரைந்தபோதும், செய்தது இதுவே: நீர் எங்கே போகலாம், எங்கே போகக் கூடாது என்று எல்லை கட்டுவது. அமெரிக்காவின் வட கரோலினா மாநிலப் பல்கலைக்கழகத்தில் வெலெவ், டிக்கி ஆகியோரின் குழு நீர்க்களியையும் காகித வாய்க்காலையும் இணைத்து, ஓய்ந்திருக்கும் உடலிலிருந்தும் வியர்வையை இழுத்துச் சோதிக்கும் பட்டையைச் செய்திருக்கிறது. விளையாட்டு வீரரின் வியர்வைக்குச் செய்ய முடிந்தது கிணற்றுக்கு ஏன் முடியாது?

முடியும் என்று சொல்லிவிட்டு நகர்ந்துவிடுவது நேர்மையாகாது. இதில் ஒரு முடிச்சு இருக்கிறது, அது திண்டுக்கல்லுக்கே உரிய முடிச்சு. தூய நீரைப் பல நூறு மடங்கு குடிக்கும் பாலிஅக்ரிலேட், உப்பு நீரில் சில பத்து மடங்கோடு நின்றுவிடுகிறது. சுண்ணாம்புச் சத்து மிகுந்த கடின நீரில் கால்சியம் அந்த வலையை இறுக்கிப் பிடித்துக்கொள்வதால் இன்னும் குறைவாகவே வீங்குகிறது. அதாவது, எந்தக் கிணற்றைச் சோதிப்பது மிக அவசியமோ அந்தக் கிணற்றின் நீரில்தான் களி மிகச் சோம்பலாக வேலை செய்யும். ஆவியாதலை நம்பும் களிக்கு வேறு தொல்லை. ஆடிக் காற்றில் விரையும், ஐப்பசி ஈரத்தில் தயங்கும். காய்ச்சி வடித்த நீரைக் கொண்டு, குளிரூட்டப்பட்ட அறையில் செய்யப்பட்ட சில்லு ரெட்டியார்சத்திரத்தில் தோற்கும். அதைத் திருத்த உப்பால் பாதிக்கப்படாத, மின்சுமையற்ற களிகளைத் தேர்ந்துகொள்ள வழி இருக்கிறது. களி எவ்வளவு குறைவாக வீங்குகிறது என்பதையே உப்பின் அளவுகோலாக்கிக்கொள்ளவும் யோசிக்கலாம். ஆனால் இந்த யோசனைகள் இந்த நீரோடு பழகியவர்களுக்கே முதலில் தோன்றும். சின்னாளப்பட்டிக்கு அருகிலேயே காந்திகிராமக் கிராமியப் பல்கலைக்கழகம் இருக்கிறது. நகரைச் சுற்றிப் பொறியியல் கல்லூரிகளும் இருக்கின்றன. சோதனைக் கருவி வேறெங்கோ செய்யப்பட்டு இங்கே விற்கப்படும் பொருளாக மட்டும் வர வேண்டும் என்று விதியில்லை.

இன்னொரு மறுப்பையும் எதிர்கொள்ள வேண்டும். வீட்டில் ஒருவர் தாமே செய்த சோதனையை எந்த அலுவலகம் ஏற்கும்? அங்கீகாரம் பெற்ற ஆய்வுக்கூடத்தின் முத்திரை இல்லாத ஊதா நிறத்துக்கு என்ன மதிப்பு? அச்சத்தைப் பரப்புவதைத் தவிர அதனால் என்ன ஆகும்? இந்தக் கேள்விகளில் உண்மை உண்டு. சில்லு தவறாகவும் சொல்லலாம். அளவு தெரியாத அச்சம் நோயைவிடக் கொடியதாகவும் மாறலாம். ஆனால் முத்திரையுள்ள சோதனையை எந்தக் கிணற்றில் செய்வது என்று தீர்மானிப்பதற்காவது முத்திரையில்லாத சோதனை வேண்டும். 13 கிராமங்களின் கணக்கு நீதிமன்றம் ஏறியது அதை எடுத்தவர்களின் பதவியால் அல்ல. விடுபடாமல் எண்ணியிருந்தார்கள், எண்ணியதை எழுதி வைத்திருந்தார்கள். கருவி மலிவானால் அந்தப் பொறுமை எல்லோருக்கும் எட்டக்கூடியதாகும். பள்ளிப் பிள்ளைகள்கூட ஓர் ஒன்றியத்தின் கிணறுகளை ஒரே வாரத்தில் வரைபடமாக்கிவிட முடியும்.

இலக்கியப் பத்திரிகைகளை வாசிப்பவர்களிடம் இதையெல்லாம் ஏன் சொல்ல வேண்டும் என்று நண்பர்கள் கேட்கலாம். கேட்கவும் வேண்டும். எங்கள் பதில் இது: ஒரு கருவி மக்களுடையதாவது அது விற்பனைக்கு வரும் நாளில் அல்ல; அதைக் கேட்டு வாங்கவும், அது சொல்வதைப் புரிந்துகொள்ளவும், அதோடு வாதாடவும் அவர்களுக்குச் சொற்கள் கிடைக்கும் நாளில்தான். மடை, மதகு, கலிங்கு, கமலை, சால், ஏற்றம் என்று நீரின் ஒவ்வோர் அசைவுக்கும் பெயர் வைத்திருந்த மொழி இது. பெயர் வைத்தவர்கள் புலவர்களல்லர், நீரோடு வேலை செய்தவர்கள். புலவர்கள் அவர்களிடமிருந்து எடுத்துக்கொண்டார்கள். இன்று நீரோடு வேலை செய்யும் அறிவு வேறு மொழியில் நடக்கிறது. நாமோ பழைய சொற்களை அருங்காட்சியகப் பொருள்களைப் போலக் கவிதையில் அடுக்கி வைத்துக்கொண்டிருக்கிறோம். இந்தப் பிரிவினால் இரண்டு பக்கமும் நட்டப்படுகின்றன. ஆய்வாளருக்குக் கிணற்றடியின் கேள்வி எட்டுவதில்லை, கிணற்றடியில் நிற்பவருக்கு ஆய்வாளரின் விடை எட்டுவதில்லை.

ஆகவே நண்பர்களுக்கு எங்கள் வேண்டுகோள் மிக எளியது. நீரைப் பற்றி அடுத்து எழுதும்போது, அது வறண்டது என்பதோடு, அதில் என்ன கரைந்திருக்கிறது என்றும் கேட்போம். அறிவியல் படித்த நண்பர்கள் தங்கள் ஆய்வை ஒரு கிணற்றுக்குச் சொல்வதைப் போலத் தமிழில் எழுதட்டும். மொழி தெரிந்த நண்பர்கள் அதைத் திருத்தி, சொல் தந்து, கேள்வி கேட்கட்டும். இந்தப் பக்கத்தில் அத்தகைய எழுத்துக்கு எப்போதும் இடமுண்டு. எஞ்சிய 117 கிணறுகள் இன்று எப்படி இருக்கின்றன என்ற கேள்வியை யாராவது முதலில் எடுத்துக்கொண்டால் இன்னும் நல்லது.